ஏட்டுச் சுரைக்காயும் ஈயக் குண்டும்
(தொலைக்காட்சிக் கருத்துக்கள உரையின் எழுத்து வடிவம்)



1971-ஆம் ஆண்டு வெளிவந்த ‘டர்ட்டி ஹாரி’ என்னும் ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, கிளிண்ட் ஈஸ்ட்வூட்டின் கையில் இருந்த நீண்ட குழல் ரிவால்வர் இன்றும் நினைவில் இருக்கும். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் ‘மாடல் 29’ அது. படம் வெற்றி பெற்ற பிறகு அமெரிக்கக் கடைகளில் அந்தத் துப்பாக்கிக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. ஆனால் அந்த ரிவால்வரும் அதற்குரிய .44 மேக்னம் தோட்டாவும் போலீஸ்காரர்களுக்காகப் பிறந்தவை அல்ல. ராக்கி மலைப் பகுதியில் மான், கரடி வேட்டையாடியவர்கள் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு வாங்கிய தோட்டா அது.

கைத்துப்பாக்கியால் பெரிய விலங்கை வேட்டையாட முடியுமா? முடியும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதற்குச் சட்டப்படி அனுமதியும் உண்டு. ஆனால் எந்தத் தோட்டாவைக் கொண்டு என்பதுதான் நூறாண்டுகளாக அங்கே ஓயாமல் நடக்கும் வாக்குவாதம். கனமான குண்டா, வேகமான குண்டா? உடலுக்குள் மலர்ந்து விரியும் குண்டா, உருக்குலையாமல் ஊடுருவும் குண்டா?

இது துப்பாக்கிப் பிரியர்களின் வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் மறுமுனையில் நிற்பது உயிருள்ள ஒரு விலங்கு. வளர்ந்த ஆண் எல்க் மான் 300 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். மூஸ் எனப்படும் பெருமான் 500 கிலோவையும் எட்டும். தவறான குண்டு பட்டால் அது அங்கேயே விழாது. எலும்பு முறிந்து, தசை கிழிந்து, காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் துன்பப்பட்டுச் சாகும். கரடியாக இருந்தால் திரும்பி வந்து சுட்டவரையே தாக்கும். ஆகவே தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது, ஒரு விலங்கு நொடியில் சாவதா, நாள் முழுதும் வதைபடுவதா என்பதைத் தீர்மானிக்கும் காரியம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை என்பது நேயர்கள் அறிந்ததே. இந்தக் கதை முழுவதும் அமெரிக்க மண்ணில் நடந்தது. இடையே ஒரே ஒரு முறை மட்டும் நமக்கு அருகில் உள்ள தீவுகளை எட்டிப் பார்க்கும்.

குன்றிமணியும் கிரெயினும்

கதைக்குள் போகுமுன் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். இந்த உரையில் தோட்டா என்றால் முழுப் பொருள்: பித்தளைக் குப்பி, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. குண்டு என்றால் குழலை விட்டுப் பறந்து செல்லும் அந்த உலோகத் துண்டு மட்டும்.

குண்டின் எடையை அமெரிக்கர்கள் ‘கிரெயின்’ என்ற அளவில் சொல்வார்கள். கிரெயின் என்றால் தானியம். நம் தட்டார்கள் பொன்னை நிறுக்கக் குன்றிமணியை வைத்துக்கொண்டது போல, அங்கே தானிய மணியை வைத்து வந்த அளவு இது. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். 240 கிரெயின் குண்டு என்றால் ஏறக்குறைய பதினைந்தரை கிராம்.

.44, .45 என்பவை குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பவை. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. .44 மேக்னம் குண்டின் உண்மையான விட்டம் 0.429 அங்குலம்தான். பழைய காலத்து அளவுமுறையிலிருந்து வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

குதிரை சுமந்த துப்பாக்கி

1847-ஆம் ஆண்டு. அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. டெக்சஸ் குதிரைப்படை வீரரான சாமுவேல் வாக்கர், சாமுவேல் கோல்ட் என்ற துப்பாக்கி உற்பத்தியாளருடன் சேர்ந்து ஒரு புதிய ரிவால்வரை வடிவமைத்தார். ‘வாக்கர் கோல்ட்’ என்று வரலாற்றில் நிலைத்துவிட்ட அதன் எடை நாலரை பவுண்டு, அதாவது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்க முடியாது. சேணத்தின் இருபுறமும் உறை வைத்துக் குதிரையின் மீதே ஏற்றினார்கள். ஒவ்வோர் அறையிலும் 60 கிரெயின் வரை கருமருந்து நிரப்பலாம். அந்தக் காலத்து இரும்பு எல்லா நேரமும் அதைத் தாங்கவில்லை. பல துப்பாக்கிகளின் சுழல் உருளை வெடித்தே போனது.

கருமருந்து காலத்தில் ஒரு கட்டாயம் இருந்தது. எவ்வளவு மருந்து போட்டாலும் குண்டின் வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் கூட்ட இயலாது. அதிக வலு வேண்டுமா? குண்டைப் பெரிதாக்கு, கனமாக்கு. வேறு வழியே இல்லை. 1873-இல் வந்த புகழ்பெற்ற .45 கோல்ட் தோட்டாவும் இதே வழியில்தான் போனது: 255 கிரெயின் ஈயக் குண்டு, அதைத் தள்ள 40 கிரெயின் கருமருந்து.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா வெடிமருந்து பரவியது. குறைந்த மருந்தில் அதிக அழுத்தம், அதிக வேகம். குண்டைச் சிறிதாக்கி வேகத்தைக் கூட்டலாம் என்ற இன்னொரு வழி அப்போதுதான் திறந்தது. இரண்டு வழி வந்ததும் வழக்கும் வந்துவிட்டது.

சிகாகோ தொழுவத்தில் ஒரு சோதனை

சபாவுக்கு எதிரே உள்ள சூலு தீவுகளிலும் மிண்டனாவிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் படைகள் மோரோ வீரர்களுடன் போரிட்டன. அமெரிக்கர்களிடம் இருந்தவை .38 காலிபர் ரிவால்வர்கள். குண்டு பட்ட பிறகும் மோரோ வீரர்கள் வாளோடு பாய்ந்து வந்தார்கள் என்று படை முகாம்களிலிருந்து புகார் எழுந்தது. மூலையில் கிடந்த பழைய .45 ரிவால்வர்களைத் தூசி தட்டி அனுப்பினார்கள்.

1904-இல் ஜான் தாம்சன் என்ற படை அதிகாரியும் லூயிஸ் லகார்ட் என்ற படை மருத்துவரும் இதைச் சோதித்துப் பார்க்கச் சிகாகோ இறைச்சித் தொழுவத்துக்குப் போனார்கள். வெட்டுக்கு வந்த மாடுகளை வெவ்வேறு அளவுக் குண்டுகளால் சுட்டுப் பார்த்தார்கள். இறந்த மனித உடல்களிலும் சோதனை நடந்தது. .45 அங்குலத்துக்குக் குறையாத குண்டுதான் வேண்டும் என்பது அவர்களின் முடிவு. அமெரிக்கப் படை 1911-இல் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டலுக்கு அந்த முடிவுதான் அடிப்படை.

சுடப்பட்ட விலங்குகள் மிகச் சில. சோதனை முறையும் சீராக இல்லை. இன்றைய ஆய்வாளர்கள் அதை அறிவியல் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் கைத்துப்பாக்கிக் குண்டுகள் பெரிய விலங்கின் உடலில் என்ன செய்கின்றன என்று அரசாங்கமே நேரில் பார்த்த நிகழ்ச்சி அது. காகிதத்தில் வலுவாகத் தெரிந்த குண்டு மாட்டின் முன்னே தடுமாறியது என்பது அன்றே பதிவாகிவிட்டது.

கையில் வெடித்த ரிவால்வர்

இந்தக் கதையின் நாயகன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் எல்மர் கீத். 1899-இல் மிசூரியில் பிறந்தவர். மொன்டானாவில் வளர்ந்து, பின்னர் ஐடஹோ மாநிலத்தின் சேமன் என்னும் சிற்றூரில் நிலைகொண்டவர். சிறு வயதில் ஒரு தீ விபத்தில் கடுமையாகக் காயமடைந்து பிழைத்தவர். மாடு மேய்த்தார், வேட்டைக்கு வழிகாட்டியாகப் போனார், பத்திரிகைகளில் எழுதினார். தலையில் அகன்ற தொப்பி, வாயில் சுருட்டு, பேச்சில் காரம்.

1925 ஜூலை 4. அமெரிக்கச் சுதந்திர தினம். கொண்டாட்டமாகக் கீத் தம் பழைய .45 ரிவால்வரை வானத்தை நோக்கிச் சுட்டபோது அதன் உருளையின் மேற்பகுதி பிய்த்துக்கொண்டு போனது. சற்றுப் பெரிய, கனத்த குண்டைச் செருகி மருந்தை நெருக்கி நிரப்பியிருந்தார். விரல்கள் தப்பின.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். கீத் காரணத்தைத் தேடினார். .45 தோட்டா தடிமனானது. அதற்கான ஆறு துளைகளை உருளையில் குடைந்தால் சுவர் மெலிந்துபோகிறது. .44 ஸ்பெஷல் என்ற தோட்டா சற்று ஒல்லி. அதே உருளையில் குடைந்தாலும் சுவர் தடிமனாக மிஞ்சும். அதிக அழுத்தம் தாங்கும். அன்று முதல் அவர் .44 பக்கம் சாய்ந்தார்.

அடுத்து குண்டின் வடிவம். அந்தக் காலத்து ரிவால்வர் குண்டுகளின் முனை உருண்டையாக இருக்கும். உருண்டை முனை சதையை விலக்கிக்கொண்டு வழுக்கிச் செல்லும். பின்னால் திசு மூடிக்கொள்ளும். கீத் 1920களின் இறுதியில் வேறு மாதிரி வரைந்தார். முனையைத் தட்டையாக்கினார். அதற்குப் பின்னே கூர்மையான விளிம்புள்ள ஒரு தோள் வைத்தார். தட்டை முனை சதையை நசுக்கும். தோளின் விளிம்பு வட்டமாக வெட்டிக்கொண்டே போகும். 250 கிரெயின் எடையுள்ள அந்தக் குண்டுக்கான வார்ப்பு அச்சை லைமன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேட்டைக்காரர்கள் வீட்டிலேயே ஈயத்தைக் காய்ச்சி, கொஞ்சம் வெள்ளீயம் கலந்து வார்த்துக்கொண்டார்கள். வெறும் ஈயம் வேகத்தில் குழலுக்குள் தேய்ந்து ஒட்டிவிடும். வெள்ளீயம் சேர்ந்தால் இறுகும்.

மேக்னம் பிறந்த கதை

கீத் .44-ஐப் பற்றி எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நிறுவனங்கள் வேறு திசையில் போயின. 1935-இல் ஸ்மித் அண்ட் வெசன் .357 மேக்னத்தை வெளியிட்டது. ஃபிலிப் ஷார்ப் என்ற தோட்டா நிபுணரும் டக்ளஸ் வெசனும் அதற்கு உழைத்தார்கள். தோட்டாவை வின்செஸ்டர் தயாரித்தது. 158 கிரெயின் குண்டு, விநாடிக்கு 1,500 அடிக்கு மேல் வேகம் என்று விளம்பரம் செய்தார்கள். அன்றைக்கு அது உலகச் சாதனை. டக்ளஸ் வெசன் தாமே அந்த ரிவால்வரைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய் எல்க், மூஸ், கிரிஸ்லி கரடி எல்லாவற்றையும் வீழ்த்திக் காட்டினார். கைத்துப்பாக்கி பெரிய வேட்டைக்கும் உதவும் என்று நாடு முழுக்கப் பேச்சானது.

கீத் மசியவில்லை. தேர்ந்த கையில் எதுவும் கொல்லும். ஆனால் பெரிய விலங்குக்கு விட்டமும் எடையும் வேண்டும் என்பது அவர் கட்சி. .44 ஸ்பெஷலுக்கு வலுவான தோட்டா செய்யுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார். நிறுவனங்கள் தயங்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது. புதிய தோட்டாவை யாராவது பழைய, வலுக்குறைந்த ரிவால்வரில் போட்டால் கையிலேயே வெடிக்கும்.

விடை எளிமையானது. .357 மேக்னத்தில் ஏற்கெனவே கையாண்ட வழிதான். பித்தளைக் குப்பியைச் சுமார் 3 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள். நீண்ட தோட்டா பழைய துப்பாக்கியின் அறைக்குள் முழுதாகப் போகாது. ஆகவே சுடவும் முடியாது. இப்படி ரெமிங்டன் நிறுவனம் தோட்டாவையும், ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வரையும் செய்ய, 1955-இன் இறுதியில் .44 மேக்னம் உருவானது. 240 கிரெயின் குண்டு. மறு ஆண்டே ரூகர் நிறுவனமும் அதற்கொரு ரிவால்வரைக் கொண்டுவந்தது.

அந்தத் துப்பாக்கியோடு ஒரு சர்ச்சையும் வந்தது. இன்னொருவர் ரைபிளால் காயப்படுத்திவிட்ட மான் ஒன்று மலையேறித் தப்பப் பார்த்தபோது, 600 கஜ தூரத்திலிருந்து .44 மேக்னத்தால் அதை வீழ்த்தியதாகக் கீத் எழுதினார். கண்ணால் கண்டவர்போல் நம்பியவர்கள் ஒரு பக்கம், கதை என்று சிரித்தவர்கள் ஒரு பக்கம். காயம்பட்ட விலங்கின் துன்பத்தை முடிக்க அவர் சுட்டார் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 600 கஜம் என்ற எண் மட்டும் நினைவில் தங்கிவிட்டது.

கணக்கு ஒன்று, காடு ஒன்று

1960களில் வேகத்தின் மோகம் மறுபடி தலைதூக்கியது. லீ ஜூராஸ் என்பவர் தொடங்கிய ‘சூப்பர் வெல்’ நிறுவனம் இலகுவான, வேகமான குழிமுனைக் குண்டுகளை விற்றது. முனையில் சிறு குழி. உடலுக்குள் சென்றதும் காளான் போல் விரியும். நடமாடும் காவலருக்கு அது பொருத்தமாக இருந்தது. மனித உடலின் ஆழம் குறைவு. குண்டு விரிந்து உள்ளேயே நின்றுவிட்டால் பின்னால் இருப்பவருக்கும் ஆபத்தில்லை. ஆனால் அதே குண்டை எல்க் மான் மீது சுட்டவர்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. தோள் எலும்பில் பட்டு விரிந்து, நுரையீரலை எட்டாமலே நின்றுபோனது.

விற்பனைத் தாளைப் பார்த்தால் அந்தக் குண்டுதான் வலுவானது! எப்படி? பள்ளிப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். இயக்க ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்குவது. உந்தம் என்பது எடையை வேகத்தால் ஒருமுறை மட்டும் பெருக்குவது. .44 காலிபரில் மூன்று குண்டுகளை எடுத்துக் கணக்குப் போடலாம்.

முதலாவது, 180 கிரெயின் குண்டு விநாடிக்கு 1,600 அடி வேகத்தில். ஆற்றல் சுமார் 1,390 ஜூல்.

இரண்டாவது, 240 கிரெயின் குண்டு 1,350 அடியில். ஆற்றல் சுமார் 1,320 ஜூல்.

மூன்றாவது, 300 கிரெயின் குண்டு 1,150 அடியில். ஆற்றல் சுமார் 1,190 ஜூல்.

ஆற்றலில் இலகுவான குண்டுக்கு முதலிடம், கனமான குண்டுக்குக் கடைசி இடம். உந்தத்தைப் பாருங்கள்: 5.7, 6.4, 6.8. வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது! ஒரே விட்டத்தில் கனமான குண்டு நீளமானதும் கூட. ஆகவே தடையை எதிர்த்து அது அதிக ஆழம் போகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆற்றல் கணக்கு அப்படித்தான் ஆனது. தாளில் இருந்த எண் உண்மை. அந்த எண் எலும்பைத் துளைக்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

எலும்பைத் தாண்டினால்தான்

ரைபிளுக்கு ஏன் இந்தச் சிக்கல் குறைவு? சாதாரண .30-06 ரைபிளில் 180 கிரெயின் குண்டு விநாடிக்கு 2,700 அடியில் பறக்கும். ஆற்றல் ஏறக்குறைய 3,950 ஜூல். அந்த வேகத்தில் விரியும் குண்டு, தான் தொடாத திசுவையும் அலைபோல் விரித்துக் கிழிக்கிறது. கைத்துப்பாக்கி வேகத்தில் திசு ரப்பர் போல விலகி, பெரும்பாலும் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. குண்டு நேரடியாக நசுக்கிய துளை மட்டுமே மிச்சம். 1980களில் மார்ட்டின் ஃபாக்லர் என்ற அமெரிக்கப் படை மருத்துவர் ஜெலட்டின் பாளங்களில் சுட்டுப் பார்த்து இந்த வேறுபாட்டை விளக்கினார். எஃப்.பி.ஐ. அமைப்பும் 1989-இல், கைத்துப்பாக்கிக் குண்டுக்கு முதல் தேவை போதிய ஆழம் என்ற முடிவுக்கு வந்தது.

வேட்டைக்காரர்கள் இதைத் தங்கள் வழியில் ஏற்கெனவே கண்டுகொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய ஜான் டெய்லர் 1948-இல் வெளியிட்ட நூலில் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கும் ஒரு சூத்திரத்தைத் தந்தார். கனமான, தடித்த குண்டுக்கு அதில் மதிப்பு கூடும். ரைபிளுக்கு எழுதிய அந்தச் சூத்திரத்தைக் கைத்துப்பாக்கிக்காரர்கள் தமக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஜே. டி. ஜோன்ஸ் கைத்துப்பாக்கியோடு ஆப்பிரிக்கா வரை சென்று பெரிய விலங்குகளை வேட்டையாடியவர்; .44-க்கு 300 கிரெயினைத் தாண்டிய தட்டை முனைக் குண்டுகளை வடிவமைத்தார். வெரல் ஸ்மித் என்பவர் 1980களில் கீத்தின் தட்டை முனையை மேலும் அகலமாக்கி, கெட்டி ஈயத்தில் வார்க்கும் அச்சுகளைச் செய்தார். விரியாத குண்டு, ஆனால் முனையே அகலம். இருபுறமும் துளையிட்டு வெளியேறும். இரத்தத் தடமும் தரையில் தெளிவாக விழும். ஓடிய விலங்கைத் தேடிப் பிடிக்க அது பேருதவி.

ஊடுருவலின் சிறப்பு நமக்குப் புதிதல்ல. வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு பேசுகிறது. புலவர் அங்கே வியந்தது அம்பின் வேகத்தையா, அது நிற்காமல் போன ஆழத்தையா என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் கெட்டி ஈயமே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைவால் மான் போன்ற மெல்லிய உடல் கொண்ட விலங்கில், விரியாத குண்டு ஊசிபோல் போய்விடலாம். அளவோடு விரியும் குண்டு அங்கே விரைவாகக் கொல்லும். ஈயக் கலவை இறுகி இறுகி மிதமிஞ்சினால் எலும்பில் பட்டுக் கண்ணாடிபோல் நொறுங்கும் ஆபத்தும் உண்டு. விலங்கு எது, அதன் உடல் எவ்வளவு தடிமன், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் குண்டைச் சொல்ல வேண்டும். மானுக்கான குண்டு கரடிக்கு ஆகாது.

கையின் எல்லை

கனம் நல்லது என்று தெரிந்ததும் மேலும் கனம், மேலும் வேகம் என்று போட்டி தொடங்கியது. 1967-இல் தாம்சன்/சென்டர் நிறுவனம் ‘கன்டென்டர்’ என்ற ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியை வெளியிட்டது. குழலை மாற்றிப் போடலாம். ரைபிள் தோட்டாக்களையே சுடலாம். டிக் கசல் 1950களில் தொடங்கிய சோதனைகள், 1983-இல் வயோமிங் மாநிலத்தின் ஃபிரீடம் ஆர்ம்ஸ் நிறுவனம் .454 கசல் ரிவால்வரை விற்றபோது நிறைவேறின. உருளையில் ஆறு துளைக்குப் பதில் ஐந்து. சுவர் தடிமன் கூடியது. 1925-இல் கீத்தின் கையில் வெடித்த சிக்கலுக்கு இன்னொரு விடை இது. அடுத்து ஜான் லைன்பா என்ற வயோமிங் கைவினைஞர் .475, .500 அளவுகளுக்குப் போனார்.

2003-இல் ஸ்மித் அண்ட் வெசன் தன் .500 மேக்னத்தை அறிமுகம் செய்தது. குண்டின் விட்டம் அரை அங்குலம். தொடக்கத்திலேயே அதற்கு இலகுவான செப்புக் குண்டு முதல் 440 கிரெயின் கெட்டி ஈயக் குண்டு வரை தோட்டாக்கள் கிடைத்தன. நூறாண்டு வழக்கின் இரு கட்சிகளும் ஒரே துப்பாக்கிக்குள் வந்துவிட்டன. நீண்ட குழல் கொண்ட அந்த ரிவால்வரின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஆம், 1847-இல் குதிரை மீது ஏற்றிய வாக்கர் கோல்ட்டின் அதே எடை!

இரும்பு அதைத் தாங்கும். கை தாங்குமா? குண்டு முன்னே போகும் உந்தம் கைக்குத் திரும்பி வருகிறது. ரைபிளுக்குத் தோள் இருக்கிறது. கைத்துப்பாக்கிக்கு மணிக்கட்டு மட்டும்தான். சில முறை சுட்டதும் உடல் பழகிக்கொள்கிறது, தவறான விதத்தில். விசையை அழுத்துமுன் கண் மூடுகிறது, கை துள்ளுகிறது. குறி அரை அடி விலகுகிறது. விலங்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுதான். அரை அடி விலகினால் வயிறு. வயிற்றில் பட்ட விலங்குக்கு நேர்வதுதான் மிகக் கொடிய சாவு.

இதனால்தான் அனுபவசாலிகள் ஒரு கட்டத்தில் பின்வாங்கினார்கள். நடுங்காமல் சுடக்கூடிய .44 மேக்னம், நடுங்க வைக்கும் .500-ஐவிட மேல் என்றார்கள். தூரத்தையும் சுருக்கினார்கள். மெதுவான, கனமான குண்டு நூறு கஜத்தைத் தாண்டினால் வேகமாகத் தாழும். தூரத்தைச் சற்றுத் தவறாக மதித்தாலும் குறி கெடும். திறந்த குறிமுள்ளோடு ரிவால்வர் பிடிப்பவர்களில் பலர் ஐம்பது கஜத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாநிலச் சட்டங்கள் குறைந்தபட்ச விட்டம், குழல் நீளம், ஆற்றல் என்று ஏதாவது ஓர் அளவை விதிக்கின்றன. கை நடுங்குகிறதா என்று எந்தச் சட்டமும் அளக்க முடியாது.

சாவுக்குப் பிறகும் ஈயம்

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஈயத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அது நஞ்சு. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுச்செல்லும் குடலையும் கழிவையும் பிணந்தின்னிப் பறவைகள் உண்கின்றன. அவற்றில் ஈயத் துணுக்குகள் இருந்தால் பறவை மெல்ல மெல்லச் சாகிறது. அழிவின் விளிம்புக்குப் போய்த் திரும்பிய கலிஃபோர்னியா கோண்டார் என்னும் பெருங்கழுகுக்கு இது பெரும் எமனானது. கோண்டார் வாழும் பகுதிகளில் 2008 முதலும், மாநிலம் முழுவதும் 2019 ஜூலை முதலும் வேட்டைக்கு ஈயக் குண்டுகளைக் கலிஃபோர்னியா தடை செய்தது.

இன்று முழுச் செப்பில் செய்த குண்டுகள் கிடைக்கின்றன. விரிந்தாலும் அவை துணுக்காகச் சிதறுவதில்லை. செப்பு ஈயத்தைவிட இலகுவானது. அதே எடைக்கு நீளமான குண்டு வேண்டும். அதனால் வேட்டைக்காரர்கள் பழைய கணக்குகளை மறுபடி போட வேண்டியிருக்கிறது. குண்டு விலங்கை எவ்வளவு விரைவாகக் கொல்லும் என்று கேட்டுவந்தவர்கள், அதற்குப் பின் யாரைக் கொல்லும் என்றும் இப்போது கேட்கிறார்கள்.

நேயர்களே, வாக்கர் காலம் முதல் இன்று வரை துப்பாக்கி வலுவானது, மருந்து வலுவானது, குண்டு வலுவானது. விலங்கின் உடல் மட்டும் மாறவில்லை. அன்று போலவே இன்றும் தோள் எலும்புக்குப் பின்னே, தட்டளவு இடத்தில் அதன் உயிர் இருக்கிறது. அந்த இடத்தை எட்டும் ஆழம் குண்டுக்கு வேண்டும், அந்த இடத்தில் குண்டைச் சேர்க்கும் உறுதி கைக்கு வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும், தூரம் சற்று அதிகம் என்று தோன்றினாலும், கோணம் சரியில்லாவிட்டாலும், நல்ல வேட்டைக்காரர் செய்வது ஒன்றுதான். துப்பாக்கியைத் தாழ்த்தி, மானைப் போகவிடுகிறார்.